புத்தகத்தில் இல்லாத அறை

கடந்த ஐப்பசியில் இரண்டு நாட்கள் விடாமல் மழை பெய்தது. ஊருக்கு வந்திருந்த என் சித்தப்பா மகன் திரும்பிப் போக முடியாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டான். மாலையில் காப்பியோடு தொடங்கிய பேச்சு, எங்கெங்கோ சுற்றி, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் கடைசி சீசனில் வந்து நின்றது. 2019 மே 19 அன்று அந்தத் தொடர் முடிந்தபோது அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அன்று அடைந்த ஏமாற்றத்தை இன்னும் சொந்த இழப்பைப் போலவே சொல்வான். என்னிடமும் ஒரு முடிவான கருத்து இருந்தது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய மூல நூல்களை ஒட்டி நடந்தவரை அந்தத் தொடர் நன்றாக இருந்தது, நூல்கள் தீர்ந்ததும் சரிந்தது, ஒரு நாவலைத் திரைக்குக் கொண்டுவருகிறவர் சொந்தமாக எவ்வளவு குறைவாகச் சேர்க்கிறாரோ அவ்வளவு நன்றாக அந்த ஆக்கம் அமையும் என்பதே அது. இதை நிறுவுவதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம், முதல் சீசனில் அரசன் ராபர்ட்டும் அரசி செர்சியும் ஓர் அறையில் உட்கார்ந்து தங்கள் பொய்த்துப்போன திருமணத்தைப் பற்றிப் பேசும் காட்சி. “மார்ட்டின் எழுதியதை அப்படியே எடுத்தார்கள், அதனால்தான் அந்தக் காட்சி அவ்வளவு நன்றாக வந்தது” என்றேன். அவன் தொடரை மட்டும் பார்த்தவன், நூல்களைப் படித்ததில்லை. “அப்படியானால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள் அண்ணா, நானும் படிக்கிறேன்” என்றான்.

அலமாரியிலிருந்து முதல் நூலை எடுத்தேன். ராபர்ட் தலைநகரில் இருக்கும் அத்தியாயங்கள் எவை என்று எனக்குத் தெரியும், ஆகவே பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அரை மணி நேரம் போயிற்று. அவன் தூங்கப் போன பிறகும் நான் புரட்டிக்கொண்டிருந்தேன். வாக்கியங்கள்கூட எனக்கு நினைவிருந்தன. எந்தப் பக்கத்தில், இடப்புறமா வலப்புறமா, பத்தியின் தொடக்கமா முடிவா என்பது உட்பட நினைவிருப்பதாகவே நம்பினேன். நள்ளிரவு தாண்டியபோதுதான் அந்தக் காட்சி நூலில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன். அது இருக்கவே முடியாது என்பது அதற்குப் பிறகு, நூலை மூடி வைத்துவிட்டு யோசித்தபோது விளங்கியது. இத்தனை ஆண்டுகளாக என் வாதத்துக்கு முதல் சான்றாக நான் வைத்திருந்ததே அந்த வாதத்துக்கு எதிரான முதல் சான்றாக இருந்திருக்கிறது. அன்றிரவிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை.

நூல் நுழைய முடியாத இடம்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் அந்த நூல் 1996-இல் வெளிவந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். முன்னுரைப் பகுதியை விட்டுவிட்டால், ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு கதைமாந்தரின் பெயரே தலைப்பு. அந்த அத்தியாயத்தில் அவர் கண்ணில் படுவது, காதில் விழுவது, மனத்தில் ஓடுவது ஆகியவை மட்டுமே நமக்குக் கிடைக்கும். முதல் நூலில் இப்படி எட்டுப் பேர் இருக்கிறார்கள். ராபர்ட்டின் நண்பனும் அமைச்சனுமான நெட் ஸ்டார்க், அவன் மனைவி கேட்லின், அவர்களுடைய பிள்ளைகள் சான்சா, ஆர்யா, பிரான், அவர்களோடு வளர்ந்த ஜான் ஸ்னோ, இவர்கள் தவிர செர்சியின் தம்பி டிரியன், நாட்டைவிட்டு விரட்டப்பட்ட பழைய அரச குடும்பத்தின் டெனேரிஸ். இந்த வரிசையில் ராபர்ட் இல்லை. செர்சியும் இல்லை. அவளுக்கென்று ஓர் அத்தியாயம் கிடைப்பதற்கு 2005-இல் வந்த நான்காம் நூல் வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, முதல் நூலில் ராபர்ட்டும் செர்சியும் தனியாக இருக்கும் ஓர் அறைக்குள் நுழைய நமக்கு வழியே கிடையாது. அந்த எட்டுப் பேரில் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். அப்படி ஒருவர் இருந்துவிட்டால் அவர்கள் தனியாக இல்லை. காயம்பட்டுப் படுத்திருக்கும் நெட்டின் கட்டிலருகே அவர்கள் சண்டையிடுவதைப் பார்க்கிறோம், ராபர்ட் அவளை அறைவதைப் பார்க்கிறோம், ஏனென்றால் நெட் கண்விழித்திருக்கிறான். கதவுக்குப் பின்னால் அவர்கள் ஒருவரையொருவர் எப்படிச் சகித்துக்கொண்டார்கள் என்பது நெட்டுக்குத் தெரியாது. அதனால் நமக்கும் தெரியாது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாவலின் வலிமையே அதில்தான் இருக்கிறது. செர்சியை அச்சத்தோடும் வெறுப்போடும் பார்க்கும் கண்களின் வழியாகவே நாம் அவளை முதலில் அறிகிறோம். பிறகு நான்காம் நூலில் அவளுடைய மனத்துக்குள் நுழையும்போது ஏற்படும் அதிர்ச்சிக்கு அந்த நீண்ட காத்திருப்புதான் காரணம். ஆனால் கேமராவுக்கு மனம் கிடையாது. நெட் எதை நினைக்கிறான் என்று அதனால் சொல்ல முடியாது, அவன் முகத்தை மட்டுமே காட்ட முடியும். நூலில் பாதிக்குப் பாதி கதைமாந்தரின் நினைவோட்டமாகவே வருகிறது. அதை அப்படியே படமாக்கினால், ஆட்கள் ஒரு கோட்டையிலிருந்து இன்னொரு கோட்டைக்குப் போவதும், அங்கே யாரோ யாருக்கோ கடிதம் கொடுப்பதும்தான் மிஞ்சும். இந்த இடத்தில் மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது என்பதற்கு என்ன பொருள் என்பதை நான் இத்தனை நாள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

குதிரைகளா, ஸ்டோன்ஹெஞ்சா

மார்ட்டின் தொலைக்காட்சியை அறியாத எழுத்தாளர் அல்லர். 1980-களில் ஹாலிவுட்டில் ‘த ட்வைலைட் ஸோன்’, ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ ஆகிய தொடர்களுக்கு எழுதியவர். அந்த நாட்களைப் பற்றி அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ரோஜர் செலாஸ்னியின் சிறுகதை ஒன்றைத் தொலைக்காட்சிக்காக எழுதும்போது, இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்கிடையே குதிரை வீரர்கள் மோதுவதாக அவர் எழுதினார். குதிரைகள் வேண்டுமா, ஸ்டோன்ஹெஞ்ச் வேண்டுமா, இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும் என்று தயாரிப்புப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். அரங்குக்குள் அமைக்கும் போலிக் கற்கள் குதிரைகள் ஓடினால் ஆடும். மார்ட்டின் மூலக் கதையின் ஆசிரியரிடமே கேட்டார். செலாஸ்னி கற்களைத் தேர்ந்தெடுத்தார். வீரர்கள் தரையில் நின்று சண்டையிட்டார்கள். எதை எழுதினாலும் இது பெரிது, இது செலவு என்று வெட்டப்படும் அந்த வாழ்க்கையில் அலுத்துப்போய்த்தான், எவ்வளவு கோட்டைகள் வேண்டுமானாலும் எவ்வளவு குதிரைகள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய நாவலுக்கு அவர் திரும்பினார். படமாக்கவே முடியாது என்ற நிம்மதியோடு எழுதப்பட்ட நூல் அது.

அதைப் படமாக்க முடியும் என்று நம்பிய டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் டப்ளினில் படித்த காலத்திலிருந்து நண்பர்கள். இருவரும் நாவல் எழுதியவர்கள், ஆனால் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பொறுப்பேற்று நடத்திய அனுபவம் இருவருக்கும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓவுக்காகப் பைலட் எனப்படும் மாதிரிப் பகுதியை வட அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மொராக்கோ ஆகிய இடங்களில் எடுத்தார்கள். இயக்கியவர் டாம் மெக்கார்த்தி. எடுத்து முடித்ததை வைஸும் பெனியாஃபும் சில எழுத்தாள நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களில் ஒருவரான கிரேக் மேசின், இதில் மிகப் பெரிய சிக்கல் இருக்கிறது என்று நேரடியாகவே சொன்னார். அந்த நண்பர்களுக்கு, செர்சியும் ஜேமியும் உடன்பிறந்தவர்கள் என்பதே படம் முடியும்வரை தெரியவில்லை. கதையின் அச்சாணியே அதுதான். அது தெரியாவிட்டால், அவர்கள் இருவரும் கூடியிருப்பதைப் பிரான் சாளரத்தின் வழியே பார்க்கும் காட்சிக்கும் அவன் கீழே தள்ளப்படுவதற்கும் எந்தப் பொருளும் இல்லை. ஒரு வரியில் வாசகர் தெரிந்துகொண்டுவிடும் செய்தியைத் திரையில் யாராவது வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு என்பதை, நூலை நெஞ்சாரக் காதலித்த இருவர் மறந்திருக்கிறார்கள். நூலை மனப்பாடமாக அறிந்தவர்களுக்கு வரும் குருட்டுத்தனம் இது. எனக்கும் அதுவே நேர்ந்தது என்பதால் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. அவர்கள் திரையில் இல்லாததை நூலிலிருந்து இட்டு நிரப்பிக்கொண்டு பார்த்தார்கள், நான் நூலில் இல்லாததைத் திரையிலிருந்து இட்டு நிரப்பிக்கொண்டு படித்திருக்கிறேன்.

அந்தப் பைலட்டை எச்பிஓ தூக்கிப் போட்டிருக்கலாம். மாறாக 2010 மார்ச்சில் முழு சீசனுக்கும் ஒப்புதல் தந்தது. டெனேரிஸாகவும் கேட்லினாகவும் நடிக்க வேறு நடிகைகள் வந்தார்கள். டிம் வான் பாட்டன் ஏறத்தாழ முழுப் பகுதியையும் மறுபடி எடுத்தார். மொராக்கோவில் எடுத்த டெனேரிஸின் திருமணக் காட்சி மால்ட்டாவில் மீண்டும் எடுக்கப்பட்டது. அந்த விருந்தினர் கூட்டத்தில் சிறு வேடத்தில் தோன்றியிருந்த மார்ட்டினின் காட்சியும் அதோடு போயிற்று. பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில், ஒரு காலத்தில் கப்பல் பாகங்களுக்கு வண்ணம் பூசப்பட்ட பெயின்ட் ஹால் என்ற பெருங்கொட்டகைக்குள் அரியணை மண்டபமும் அரண்மனை அறைகளும் எழுந்தன. டைட்டானிக் கட்டப்பட்ட அதே கப்பல் தளத்தின் பகுதி அது.

பத்து நிமிடக் குறை

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். முதல் சீசனின் பகுதிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் பலவும் இருக்க வேண்டிய நீளத்துக்குச் சுமார் பத்து நிமிடம் குறைவாக இருந்தன. எழுதப்பட்ட ஒரு பக்கம் திரையில் எவ்வளவு நேரம் ஓடும் என்ற கணக்கு அவர்களுக்கு இன்னும் கைவரவில்லை. நிறுவனத்துக்குக் கொடுத்தாக வேண்டிய நீளம் ஒன்று இருந்தது, பணமோ ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருந்தது. அந்த சீசனின் பத்துப் பகுதிகளுக்குமாகச் சேர்த்து 5 முதல் 6 கோடி டாலர் வரை ஆனதாக அப்போது செய்திகள் வந்தன. தொலைக்காட்சிக்கு அது பெருந்தொகைதான், ஆனால் அந்தக் கதை கேட்கும் உலகத்துக்கு அது போதவே போதாது. புதிய இடங்கள் இல்லை, புதிய நடிகர்கள் இல்லை, கூட்டம் இல்லை, குதிரை இல்லை. இருப்பவை ஏற்கெனவே கட்டிய அறைகளும், ஏற்கெனவே சம்பளம் பேசப்பட்ட நடிகர்களும் மட்டுமே. ஆகவே சில வாரங்களுக்குள் அவர்கள் எழுதிச் சேர்த்த காட்சிகள் எல்லாம் ஒரே அமைப்பில் இருந்தன. ஓர் அறையில் இரண்டு பேர் பேசுவார்கள். இந்தச் செய்தியை அவர்கள் இருவருமே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுதான் ராபர்ட்டும் செர்சியும் பேசும் காட்சி, 2011 மே 15 அன்று ஒளிபரப்பான ஐந்தாம் பகுதியில் இடம்பெற்றது.

அன்று நள்ளிரவு நூலை மூடி வைத்த பிறகு, காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு அந்தக் காட்சியை மட்டும் போட்டுப் பார்த்தேன். மது இருக்கிறது, இரண்டு பேர் இருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. ராபர்ட்டாக மார்க் ஆடி, செர்சியாக லீனா ஹெடி. முதலில் அரசியல்தான் பேசுகிறார்கள். கடலுக்கு அப்பாலிருந்து ஒரு படை வந்தால் என்ன ஆகும் என்பதே பேச்சு. ராபர்ட் கை விரல்களைக் காட்டி, பிறகு அதே கையை முட்டியாக மடக்கி, சிதறிக் கிடக்கும் பெரும்படைக்கும் ஒரே நோக்கம் கொண்ட ஒரு படைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குகிறான். குடிகாரன் என்றும் சோம்பேறி என்றும் நாம் ஒதுக்கி வைத்திருந்த ஒருவன், ஒரு காலத்தில் ஏன் போரில் வென்று அரசனானான் என்பது அந்த முட்டி மடக்கும் அசைவில் தெரிந்துவிடுகிறது. பிறகு, இந்த நாட்டைச் சேர்த்துப் பிடித்திருப்பது நம்முடைய திருமணம் ஒன்றுதான் என்ற எண்ணம் வரும்போது இருவருமே சிரித்துவிடுகிறார்கள். அத்தனை ஆண்டு வெறுப்பில் அவர்கள் சேர்ந்து சிரிப்பதை நாம் பார்ப்பது அந்த ஒரு முறைதான். அந்தச் சிரிப்பு ஓய்ந்த இடத்தில் செர்சி, அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்கிறாள். அவன் மணக்க விரும்பி இழந்த லியானாவைப் பற்றி. அவள் முகம்கூடத் தனக்கு நினைவில்லை என்கிறான் அவன். நமக்குள் எப்போதாவது ஏதாவது சாத்தியமாக இருந்ததா என்று அவள் கேட்கிறாள். இல்லை என்கிறான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொடுமை இல்லை, களைப்புதான் இருக்கிறது.

நடிகர்கள் இருவரும் அதில் செய்ததைப் பற்றித் தனியாகவே எழுதலாம். என்னை உலுக்கியது வேறு. இந்தக் காட்சிக்குப் பிறகு, நூலை மறுபடி படிக்கும்போது நான் படித்த செர்சி வேறு ஒருத்தியாக இருந்திருக்கிறாள். நெட்டின் கண் வழியாகப் பார்த்தபோதும் அவளுக்குப் பின்னால் அந்த அறை இருந்தது. அதனால்தான் அது நூலில் இருப்பதாகவே மனம் எழுதி வைத்துக்கொண்டது. ஒரு தழுவல் மூலத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய பணி இதுவாக இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். மூலம் விட்டுவைத்த இருட்டில், மூலத்தோடு முரண்படாமல் ஒரு விளக்கை ஏற்றுவது. அது வெறும் கற்பனையால் மட்டும் நடந்ததும் அல்ல. அந்தத் திருமணத்தின் ஆண்டுகளை, லியானாவின் நினைவை, ராபர்ட்டின் பழைய வீரத்தை எல்லாம் மார்ட்டின் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். அந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்துத்தான் அவர்கள் சமைத்தார்கள்.

அதே சீசனில் டைவின் லானிஸ்டர் நமக்கு அறிமுகமாகும் காட்சியும் அப்படிப்பட்டதுதான். ஒரு கூடாரத்துக்குள் தந்தையும் மகனும் இருக்கிறார்கள். சார்ல்ஸ் டான்ஸ் இறந்த மான் ஒன்றின் தோலை உண்மையாகவே தன் கையால் உரித்துக்கொண்டே ஜேமிக்குக் குடும்பப் பெருமை என்றால் என்ன என்று பாடம் நடத்துகிறார். ஜேமிக்கோ டைவினுக்கோ முதல் நூலில் அத்தியாயம் இல்லை என்பதால் இந்தக் கூடாரத்துக்குள்ளும் நூல் நுழைய முடியாது. இரண்டாம் சீசனில் ஆர்யா, தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு டைவினுக்கு மது ஊற்றிக் கொடுக்கும் காட்சிகள் வருகின்றன. நூலில் அவள் அந்தக் கோட்டையில் வேறொரு பிரபுவுக்குத்தான் பணிவிடை செய்கிறாள். ஆளை மாற்றினார்கள், ஒரு சிறுமியும் ஒரு முதியவரும் மேசையின் இரு பக்கமும் இருக்கும் காட்சிகள் பிறந்தன. இவற்றுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

வறுமை மட்டும் போதாது

இந்த இடத்தில் அவசரப்பட்டு, பணமில்லாமையே கலையின் தாய் என்று எழுதிவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அது உண்மையல்ல. அதே முதல் சீசனில் ராபர்ட் வேட்டைக்குப் போகும் காட்சியைப் பாருங்கள். ஏழு நாடுகளின் அரசன், கையில் ஈட்டியோடு நான்கு பேராகக் காட்டுக்குள் நடந்துபோகிறான். கூடாரங்கள் இல்லை, கொம்பு ஊதுபவர்கள் இல்லை, வேட்டை நாய்கள் இல்லை, குதிரைகள் இல்லை. தொடரிலேயே தனக்குப் பிடிக்காத காட்சி அது என்று மார்ட்டின் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார், அதில் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஓர் அரசனின் வேட்டை என்பது நூற்றுக்கணக்கானோர் உழைப்பில் நடக்கும் ஆடம்பரம். அது தெரிந்தால்தான் அவன் காட்டுப்பன்றியால் குத்துப்பட்டு வருவதன் அவலம் முழுமையாகும். இங்கே பற்றாக்குறை அப்படியே பற்றாக்குறையாகத் திரையில் நிற்கிறது. ஒன்பதாம் பகுதியில் டிரியன் போர்க்களத்தில் இறங்கும் முன்பே தலையில் அடிபட்டு மயங்கி, எல்லாம் முடிந்த பிறகு கண்விழிப்பதும் செலவை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடுதான். நூலில் அவன் அந்தப் போரில் உண்மையாகவே சண்டையிடுகிறான். அந்த ஏற்பாட்டை நான் மன்னிக்கிறேன், வேட்டையை மன்னிக்க முடியவில்லை.

இரண்டாம் சீசனில் தலைநகர் முற்றுகைக்காக எச்பிஓவிடம் கூடுதல் பணம் கேட்டு வாங்கினார்கள். ‘பிளாக்வாட்டர்’ என்ற அந்தப் பகுதிக்குத் திரைக்கதை எழுதியவர் மார்ட்டினே. நூலில் ஆற்றின் குறுக்கே கட்டி வைத்து எதிரிக் கப்பல்களைச் சிக்கவைக்கும் பெருஞ்சங்கிலியைத் திரையில் கொண்டுவர வசதி போதவில்லை, அதை விட்டுவிட்டார்கள். படப்பிடிப்புக்குச் சில நாட்களே இருக்கும்போது இயக்குநர் மாறி நீல் மார்ஷல் வந்தார். இத்தனைக்கும் நடுவே அந்தப் பகுதி நின்று நிலைத்ததற்குக் காரணம் ஆற்றில் எரிந்த பச்சைத் தீ மட்டுமல்ல. போர் நடக்கும்போது அரண்மனையின் உள்ளறை ஒன்றில் பெண்கள் அடைபட்டிருக்கிறார்கள், செர்சி குடித்துக்கொண்டே சான்சாவிடம் ஒரு தோல்விக்குப் பிறகு பெண்களுக்கு என்ன நேரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாதிப் போர் அந்த அறையில்தான் நடக்கிறது. அது நூலிலும் இருக்கிறது, ஏனென்றால் அங்கே சான்சாவின் கண்கள் இருந்தன.

பிறகு பணம் வந்தது. 2016-இல் ஆறாம் சீசனின் ஒன்பதாம் பகுதியில் ஜான் ஸ்னோவும் ராம்சி போல்டனும் மோதும் போரை எடுக்க 25 நாட்கள், 500 துணை நடிகர்கள், 70 குதிரைகள். ஒரு காலத்தில் குதிரைகளா கற்களா என்று கேட்கப்பட்ட மனிதரின் உலகத்துக்கு எழுபது குதிரைகள் உண்மையாகவே வந்துவிட்டன. ஆனால் அந்தப் போரில் நம் மூச்சை நிறுத்தும் இடம் குதிரைகள் பாயும் இடம் அல்ல. ஓடிவரும் சொந்தப் படையினரின் காலடியில் விழுந்து, உடல்களுக்கு அடியில் புதைந்து, ஜான் மூச்சுக்குத் திணறி மேலே வரும் இடம். அதை அப்படி எடுக்கத் திட்டம் இருக்கவில்லை. மூன்று நாட்கள் மழை பெய்து களம் சேறாகிவிட்டது, திட்டமிட்டதை எடுக்க நாட்கள் இல்லை. இயக்குநர் மிகேல் சபோச்னிக், இதற்குப் பதிலாக வேறொன்றை எடுக்கிறேன் என்று வைஸுக்கும் பெனியாஃபுக்கும் எழுதிக் கேட்டார், அவர்கள் சம்மதித்தார்கள். எனக்கு இது பெரிய செய்தியாகப் பட்டது. எழுபது குதிரைகள் நிற்கும் களத்திலும், கையில் இருப்பது குறைந்தபோதுதான் அவர்கள் ஒரு தனி மனிதனின் முகத்துக்குத் திரும்பினார்கள்.

நிமிடங்கள் எங்கே போயின

அன்று நான் சொன்ன வாதமும் உலகம் சொல்வதுதான். ஐந்தாம் நூல் 2011 ஜூலையில், முதல் சீசன் முடிந்த சில வாரங்களில் வெளிவந்தது. ஆறாம் நூல் இன்னும் வரவில்லை. தொடர் நூலைத் தாண்டியது, வழிகாட்ட ஆள் இல்லாமல் விழுந்தது. இதில் உண்மை இருக்கிறது. முடிவின் முக்கியமான சில திருப்பங்களை மார்ட்டின் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார், ஆனால் சேருமிடம் தெரிவதும் வழி தெரிவதும் ஒன்றல்ல. என்றாலும் அன்றிரவுக்குப் பிறகு இந்த வாதம் முன்போல எனக்குள் உட்காரவில்லை. நூல் இல்லாமல் அவர்களால் எழுத முடியாது என்றால் அந்த அறையை எழுதியது யார்? மானுரித்த கூடாரத்தை எழுதியது யார்?

எட்டாம் சீசனின் ஒவ்வொரு பகுதிக்கும் 1.5 கோடி டாலர் வரை செலவானதாகச் சொல்லப்பட்டது. அதாவது முழு முதல் சீசனுக்கு ஆன தொகை நான்கு பகுதிகளில் தீர்ந்துவிடும். மூன்றாம் பகுதியின் போரை 55 இரவுகள் எடுத்தார்கள். குளிரிலும் சேற்றிலும் விடியவிடிய நின்ற அந்தக் குழுவினரின் உழைப்பின் முன் நான் தலைவணங்குகிறேன். 82 நிமிடம் ஓடும் அந்தப் பகுதியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே தெரியாத இருட்டு என்று பலர் குறைப்பட்டார்கள். எனக்கு அந்த இருட்டைவிட, அதற்கு முந்தைய பகுதிதான் நினைவில் நிற்கிறது. பிரையன் காக்மன் எழுதியது. மறுநாள் சாகப் போகிறோம் என்று நம்பும் ஆறு பேர் கணப்பருகே உட்கார்ந்து பேசுகிறார்கள், ஜேமி பிரியனை எழுப்பி, மண்டியிடச் சொல்லி, அவளுக்கு வீரப் பட்டம் அளிக்கிறான். அந்தக் காட்சிக்கும் நூல் கிடையாது. அந்த சீசனைத் திட்டித் தீர்ப்பவர்களும் அந்தக் கணப்பருகே வந்ததும் மௌனமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, எழுதத் தெரியாமல் போகவில்லை. அறைகளுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. ஆறு சீசன்கள் பத்துப் பத்துப் பகுதிகளாக வந்த தொடர், ஏழாவதில் ஏழு, எட்டாவதில் ஆறு என்று சுருங்கியது. நிறுவனம் கூடுதல் பகுதிகளுக்குத் தயாராகவே இருந்தது, 73 பகுதிகளோடு நிறுத்துவது என்பது ஆக்கியவர்களின் முடிவு. பத்தாண்டு உழைத்தவர்களின் அந்த முடிவை மதிக்கிறேன், ஆனால் அது தவறு என்றே கருதுகிறேன். ஒரு சீசன் முழுவதும் நடந்த பயணங்கள் ஒரு காட்சிக்கும் இன்னொரு காட்சிக்கும் நடுவே முடிந்தன. டெனேரிஸ் ஒரு நகரத்தையே எரிக்கும் முடிவுக்கு வருவது கதைக்குப் பொருந்தாதது என்று நான் நினைக்கவில்லை, அதற்கான விதைகள் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. அவளும் இன்னொருவரும் மட்டும் ஓர் அறையில் உட்கார்ந்து, அவள் தன்னிடமே பொய் சொல்லத் தொடங்கும் அந்த மணித்துளிகளை நமக்குக் காட்ட வேண்டியிருந்தது. முதல் சீசனில் பத்து நிமிடம் குறைகிறது என்று தவித்தவர்களுக்கு, கடைசியில் அதே பத்து நிமிடம் மறுபடி குறைந்தது. இந்த முறை அதை நிரப்பிக் கொடுங்கள் என்று கேட்க யாரும் இல்லை.

செர்சியை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. லீனா ஹெடியைப் போன்ற ஒரு நடிகை, அந்தக் கடைசி சீசனின் பெரும்பகுதி நேரம் உயரமான ஒரு சாளரத்தருகே மதுக்கோப்பையோடு நின்று, தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே உட்கார யாருமில்லை.

மூன்றாம் நாள் மழை விட்டது. கிளம்பும்போது என் தம்பி, நான் தேடித் தேடித் தளரச் செய்திருந்த அந்த முதல் நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நானும் அவனிடம், நீ கேட்ட பக்கம் இதில் இல்லை, நான் சொன்னது தவறு என்று சொல்லித்தான் கொடுத்தேன். சென்ற வாரம் இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்தான். நெட் காலில் அடிபட்டுப் படுத்திருக்கும் அத்தியாயத்தைப் படித்து முடித்திருக்கிறான். “ராபர்ட் அவளை அறைந்துவிடுகிறான் அண்ணா. அவள் எழுந்து போய்விடுகிறாள். அதோடு அத்தியாயம் வேறெங்கோ போய்விடுகிறது” என்றான். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: “அன்றைக்கு ராத்திரி அவர்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது என்ன பேசியிருப்பார்கள்?”